ஃப்ரேசரின் திறவுகோலில் 'மற்றவை' இல்லை

எஃப்.சி. ஃப்ரேசர் எழுதிய 'ஃபானா ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா' தும்பித் தொகுதிகளில் முதலாவது 1933-ல் வந்தது. நம்ம ஊசித்தட்டான்களில் பெரும்பகுதி அதில்தான். ஃப்ரேசர் ராணுவ மருத்துவர், அறுவைச் சிகிச்சை செய்தவர். அந்தக் கை எழுத்திலும் தெரிகிறது. இறக்கை நரம்பு எங்கே கிளைக்கிறது, ஆணின் வால்முனைக் கொக்கி எப்படி வளைகிறது என்று அவர் சொல்லும் நிதானத்துக்காகவே இன்னைக்கும் வாசிக்கலாம்.

என் சண்டை அவருடைய அடையாளத் திறவுகோலோடு. "இப்படி இருந்தால் 2-க்குப் போ, இல்லையென்றால் 5-க்குப் போ" என்று ஓடும். புரோகிராம் எழுதுகிறவன் கண்ணுக்கு அது கடைசி 'எல்ஸ்' இல்லாத 'இஃப்'. எந்தப் பூச்சியைக் கொடுத்தாலும் ஏதாவது ஒரு பெயரில் கொண்டுபோய் நிறுத்திவிடும். "இது என் பட்டியலில் இல்லை" என்று சொல்லவே சொல்லாது.

வெட்டி வாதம் இல்லை இது. திருநெல்வேலி நரைக்காட்டில் கிடைத்த புரோட்டோஸ்டிக்டா ருஃபோஸ்டிக்மாவை கிம்மின்ஸ் விவரித்தது 1958-ல். இறக்கை நுனியருகே சிவப்புப் பொட்டு. புத்தகத்திலோ ஏற்கெனவே ஒரு சிவப்புப் பொட்டுக்காரன் உண்டு: ஃப்ரேசரே 1922-ல் பெயரிட்ட சாங்குவினோஸ்டிக்மா. புத்தகத்தை மட்டும் நம்பி மலையோடை ஓரம் நிற்பவர் புதுசைப் பழசின் பெயரில் எழுதிவிட்டு வரலாம். சின்ன இடத்தில் வாழும் ஓர் இனம் அதோடு இன்னொன்றின் கணக்கில் கரைந்துபோகும். கணக்கில் இல்லாததை யார் காப்பாற்றுவது?

தூத்துக்குடி முத்து வியாபாரிகள் இந்த விஷயத்தில் கெட்டி. 20 துளையில் தொடங்கி 1000 துளை வரை வரிசையாகச் சல்லடைகள். எதிலும் நிற்காதது 'தூள்' என்று தனியாகப் போகும். மிஞ்சுவதற்கும் ஓர் இடம் வைத்திருந்தார்கள். செம்பட்டியலில் 'தரவு போதாது' என்றொரு வகை இருப்பதும் அதனால்தான். அதைப் பலர் அலட்சியமாகப் படிக்கிறார்கள். எனக்கு அதுதான் நேர்மையான பதில்.

இங்கே கடலோரத்துக் கலங்கல் உப்புநீரிலும் தாக்குப்பிடிக்கும் இஷ்னூரா செனகலென்சிஸ்கூட லேசுப்பட்டதில்லை. பெண்களில் ஒரு வகை ஆணைப்போலவே நிறம் காட்டும். மேலிருந்து எடுத்த ஒரே படத்தை வைத்துப் பெயர் சொல்வதைவிடப் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பக்கவாட்டில் ஒரு படம், வால்முனை ஒன்று, இடம், தேதி. இவ்வளவு இருந்தால் பின்னால் வருகிறவர் திருத்திக்கொள்வார்.