ஜி.டி.ஓ.க்காரரும் என் மாமாவும்

எலவனாசூர்கோட்டையில் என் மாமா ஒரு காலத்தில் பழைய செவர்லே கார் வைத்திருந்தார். யுத்த காலத்து விமானத் தளமான சோழவரத்தில் அதைப் பந்தயம் விட்டாராம். ஒரு தீபாவளிக்கு இரண்டாவதாக வந்த கார், அடுத்த தீபாவளிக்கு முதலாவதாக வந்துவிடும். நாங்களும் ஆட்சேபிப்பதில்லை.

மான்டி ஹெல்மன் 1971-இல் எடுத்த 'டூ-லேன் பிளாக்டாப்' படத்தில் அவரையே பார்த்தேன். 1955-ஆம் வருஷத்துச் செவர்லேயில் இரண்டு வாலிபர்கள். 1970 மாடல் பான்டியாக் ஜி.டி.ஓ.வில் ஒரு நடுவயதுக்காரர். வாஷிங்டன் வரைக்கும் பந்தயம். தோற்றவர் காரையே கொடுத்துவிட வேண்டும். பாத்திரங்களுக்குப் பெயர்கூடக் கிடையாது. டிரைவர், மெக்கானிக், அவ்வளவுதான். ஜி.டி.ஓ.க்காரர் வழியில் ஏற்றிக்கொள்கிறவர்களிடமெல்லாம் காரைப் பற்றி வேறு வேறு கதை அளக்கிறார். ஒரே ஒரு தடவை, வேலையும் குடும்பமும் கைவிட்டுப் போன உண்மையைச் சொல்ல வாயெடுக்கிறார். டிரைவர் காது கொடுக்க மறுத்துவிடுகிறான். என் வரையில் படத்தின் உச்சம் அந்த இடந்தான்.

பந்தயம் முடிவதில்லை. ஃபிலிமே தீப்பற்றுவதுபோல் காட்டி நிறுத்திவிடுகிறார் ஹெல்மன். முடிவு அகப்படாதபோது நாவலாசிரியர்களாகிய நாங்களும் செய்கிற தந்திரம் இது, எனக்குப் பிடிக்கவில்லை.

பழைய கார்களைப் பற்றி எழுதுகிறவர்கள் குதிரைச் சக்தியையும் வேகத்தையும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். விற்ற நாளை யாரும் எழுதக் காணோம். மாமா ஒரு நாள், "அந்த வண்டியை ஏன் வித்தேன் தெரியுமாடா?" என்று ஆரம்பித்தார். உளுந்தூர்ப்பேட்டை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் எழுந்துவிட்டேன்.