விளக்கும் குடமும்: ஒரு வாக்குச்சீட்டை வாசித்தல்

ஹட்டனில் மாதம் ஒருமுறை கூடுகிற எங்கள் வாசிப்பு வட்டத்தில், சென்ற முறை ஓர் இளம் நண்பர் கட்டுரை ஒன்று வாசித்தார். அரசறிவியல் படித்தவர், தெளிவான தமிழ். 'மக்களிடமே கேட்போம்' என்பது தலைப்பு. அரசியல்வாதிகளின் கையில் சிக்கிக் கிடக்கும் பெரிய பிரச்சினைகளை எல்லாம் சர்வஜன வாக்கெடுப்புக்கு விட்டுவிட வேண்டும். பாதிக்கு மேல் எந்தப் பக்கம் விழுகிறதோ அதுவே நாட்டின் முடிவு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது. இதுதான் வாதத்தின் சாரம். கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறுத்தத் தொடங்கியது.

கட்டுரையில் சுவிட்சர்லாந்து இருந்தது, பிரித்தானியா இருந்தது. மலையகம் இல்லை. ஹட்டனில் இருந்துகொண்டு பெரும்பான்மை வாக்கைப் பற்றி எழுதுகிறவரின் பக்கங்களில் 1948உம் 1982உம் தலைகாட்டாதது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் பிறந்ததே அதற்கெல்லாம் பிறகு. ஆனால் நான் அந்த டிசம்பரில் வாப்பாவின் கடையில் நின்றவன்.

இந்த நாடு இதுவரை கண்ட ஒரேயொரு சர்வஜன வாக்கெடுப்பு 1982 டிசம்பர் 22ஆம் திகதி, ஒரு புதன்கிழமை நடந்தது. இரண்டு மாதத்துக்கு முன்புதான், ஒக்டோபர் 20இல், ஜே.ஆர். ஜயவர்தன ஜனாதிபதியாகத் தெரிவாகியிருந்தார். வாக்கெடுப்புக்குச் சில நாட்கள் முன்பு, பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவர் அரிசியும் கருவாடும் வாங்க வந்தவர், வாப்பாவிடம் கேட்டது அப்படியே நினைவிருக்கிறது.

"நானா, வெளக்குன்னா எலெக்சன் வேணுமுங்கிறதா, வேணாமுங்கிறதா?"

"வெளக்குன்டா ஈக்கிற ஆக்கள் அப்படியே ஈப்பாங்க. கொடத்துக்குப் போட்டா எலெக்சன் வரும்."

"அப்ப ரெண்டு மாசத்துக்கு முன்னால போட்டமே, அது?"

"அது வேற, இது வேற."

அந்த மனிதர் பிரசாவுரிமை கிடைத்து அதிக காலம் ஆகாதவர். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் 'நாட்டிலேயே இருக்கிறோம்' என்று எழுதிக் கொடுத்து, வருடக்கணக்கில் காத்திருந்து, சொந்தக்காரர்களை ஒப்பாரிக் கோச்சியில் ஏற்றி அனுப்பிவிட்டு, வாக்காளர் இடாப்பில் பெயர் வரப் பெற்றவர். வாழ்நாளில் அவர் போட்ட முதல் வாக்கு அந்த ஒக்டோபர் வாக்கு. இரண்டாவது வாக்கு, மூன்றாவது வாக்கைத் தள்ளிப்போடலாமா என்பதற்கு. இதைவிடக் குரூரமான ஒரு கதையை எந்த எழுத்தாளனும் கற்பனையில் கட்டியிருக்க முடியாது.

சீட்டை ஒரு பிரதியாக எடுத்து வாசித்துப் பார்ப்போம். நமக்குப் பழக்கமான வேலைதானே. அரசியலமைப்புக்கான நான்காவது திருத்தச் சட்டமூலத்தை நீங்கள் அங்கீகரிக்கிறீர்களா என்பது கேள்வி. ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். 'பொதுத் தேர்தல்' என்ற சொல்லே அந்தக் கேள்வியில் இல்லை. 1983 ஓகஸ்ட்டில் முடிய வேண்டிய பாராளுமன்றத்தின் ஆயுள் 1989 ஓகஸ்ட் வரை நீளும் என்பது சட்டமூலத்தின் உள்ளேதான் இருந்தது. லயத்தில் இருப்பவரின் கண்ணுக்கு எட்டியது இரண்டு படங்கள் மட்டும். விளக்கை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? கோவிலிலும் எரிகிறது, பன்சலையிலும் எரிகிறது. குடமோ, விடியற்காலையில் பீலிக்கரையில் வரிசையில் கிடக்கிற பாரம். எதிர்ப்பு என்ற சொல்லை ஒரு தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் அடைத்துவிட்டார்கள். பிற்காலத்தில் ஒரு மூதாட்டியிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தபோது, "வெளக்குக்குப் போடச் சொன்னாங்க, போட்டோம். வேற என்னத்த?" என்றார். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. தொண்டமான் அப்போது அமைச்சரவையில் இருந்தார். அதே அமைச்சரவையில் இருந்த நம்மவர்களும் விளக்கின் பக்கமே நின்றார்கள்.

இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும். பேச்சு வழக்கில் சர்வஜன வாக்கெடுப்பு என்கிறோம். அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியில் அது 'மக்கள் தீர்ப்பு'. அழகான சொல்தான். ஆனால் தீர்ப்பு வழங்குகிறவர் வழக்கில் ஒரு கட்சிக்காரராக இருக்கக் கூடாது, தீர்க்க வேண்டிய கேள்வியை எதிர்த்தரப்பு எழுதிக் கொடுக்கவும் கூடாது. 1982இல் கேள்வியை எழுதியது யார்? எந்தப் பாராளுமன்றத்தின் ஆயுள் நீள வேண்டுமோ அதே பாராளுமன்றம். உயர் நீதிமன்றத்தில் ஏழு நீதியரசர்கள் கேட்டு, நான்குக்கு மூன்று என்று பிரிந்து வழிவிட்டார்கள். மக்களின் பெரும்பான்மையைக் கேட்கலாமா என்பதே ஒரு நீதியரசரின் பெரும்பான்மையில் தீர்ந்தது.

எண்களுக்கு வருவோம். விளக்குக்கு 3,141,223, குடத்துக்கு 2,605,983. வீதத்தில் 54.66க்கு 45.34. இடாப்பில் இருந்தவர்கள் 81 இலட்சத்துக்கும் மேல், ஆகவே விளக்கேற்றியவர்கள் பதிவுபெற்ற நூறு பேரில் முப்பத்தொன்பது பேர்கூட இல்லை. அவர்கள் காப்பாற்றிக் கொடுத்தது எதை? 1977இல் 51 வீத வாக்குக்கு 168இல் 140 ஆசனம் வாங்கிய ஒரு சபையை. புதிய விகிதாசார முறையில் தேர்தல் நடந்திருந்தால் அந்த ஆறில் ஐந்து கரைந்துபோயிருக்கும், மூன்றிலிரண்டும் தங்கியிராது. அதுதான் விஷயம். நக்சலைட் சதி என்றெல்லாம் சொல்லப்பட்டது மேல்பூச்சு. அவசரகாலச் சட்டம் அமுலில் இருந்தது, எதிர்த்தரப்பு அச்சகங்களுக்குச் சீல் விழுந்தது. வாக்களிப்பு நடந்த விதத்தைப் பற்றித் தேர்தல் ஆணையாளரே பின்னர், 1987இல் வெளியான அறிக்கையில், ஆள்மாறாட்டம், மிரட்டல் என்று எழுத நேர்ந்தது. 1977 தேர்தலில் வயது போதாமல் நின்ற ஓர் இளைஞன், பாராளுமன்றத்துக்கு ஒரு புள்ளடி இட 1989 பெப்ரவரி வரை இருக்க வேண்டியதாயிற்று. இடையில் 1983 ஜூலையும் வந்து போனது. யாழ்ப்பாணம் குடத்துக்கு அள்ளிக் கொடுத்திருந்ததும், அந்தக் குரல் மொத்தக் கணக்கில் கரைந்துபோனதும் அந்த ஜூலையோடு சேர்த்து யோசிக்க வேண்டியவை.

நண்பர் இதற்குச் சொல்லக்கூடிய பதில் எனக்குத் தெரியும். "அது மோசடி சேர், முறையாக நடத்தினால் சரி." மோசடியே இல்லாமல் நடந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். அது சர்வஜன வாக்கெடுப்பு அல்ல, பாராளுமன்ற வாக்கெடுப்பு. ஆனால் கணக்கு ஒன்றுதான்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவுக்குத் தொண்டமான், தலவாக்கலைக்குக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. அடுத்த வருடமே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் சாதாரண பெரும்பான்மையால் நிறைவேறியது. 1949இல் பிரசை அல்லாதவரின் வாக்குரிமை போனது. 1952 தேர்தலில் அந்த ஏழில் ஒன்றும் இல்லை. 'வீடற்றவன்' என்று நாவலுக்குப் பெயர் வைத்த சி.வி., ஆசனமற்றவராகவும் ஆனார். ஒருவரும் வாக்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. முதலில் பெரும்பான்மை ஒரு சட்டத்தை ஆக்கியது, பிறகு அந்தச் சட்டம் தனக்கு வேண்டிய பெரும்பான்மையை ஆக்கிக்கொண்டது.

சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு, ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டம் செல்லாது என்றது. அந்தக் காப்பை நம்பிக் கோடகன்பிள்ளை என்பவரின் வழக்கு கோமறைக் கழகம் வரை போய், 1953இல் தோற்றது. சட்டத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை, அது பிரசாவுரிமையைப் பற்றிய சட்டம் மட்டுமே என்று கண்டார்கள். இன்னும் வேடிக்கை, தொகுதி பிரிக்கும்போது மாகாணத்துக்கு எத்தனை ஆசனம் என்பது மொத்தச் சனத்தொகையை வைத்துத்தான். லயத்துத் தலைகள் ஆசனக் கணக்கில் சேர்ந்தன, வாக்குக் கணக்கில் விடுபட்டன. அவர்களுடைய தலையால் கூடிய ஆசனங்களில் அவர்களுக்கு வாக்கில்லாதவர்கள் போய் உட்கார்ந்தார்கள்.

இது தோட்டத்து மக்களின் கதை, நமக்கென்ன என்று இந்தச் சஞ்சிகையின் வாசகர் எவரும் நினைத்தால், 1949இன் மூன்றாம் இலக்கச் சட்டத்தின் பெயரை ஒருமுறை வாசிக்கட்டும்: இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம். கரையோரச் சோனகர், சம்மான்காரர் என்றெல்லாம் அழைக்கப்பட்ட நம்மவர் பலர் அந்தப் பெயருக்குள் இருந்தார்கள். உம்மாவின் வாப்பா காயல்பட்டினத்துக்காரர், ஹட்டனில் புடவைக் கடை. 1946க்கு முன் ஏழு வருடம் இடைவிடாமல் இங்கே இருந்ததாக நிரூபிக்கச் சொன்னார்கள். ஊரில் தகப்பனார் மௌத்தானபோது போய், சொத்துப் பிரச்சினையில் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியவர் எப்படி நிரூபிப்பார்? சுமார் எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பம் போனது, கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு. அந்தச் சட்டங்களைக் கொண்டுவந்த டி.எஸ். சேனாநாயக்கவின் அமைச்சரவையில் தொழில் அமைச்சர் டி.பி. ஜாயா. கல்விக்கு அவர் செய்ததை நான் மதிக்கிறேன். இதை மட்டும் எழுதாமல் விடும் வரலாறுகளை என்னால் முழு மனதோடு வாசிக்க முடிவதில்லை.

நண்பரின் சுவிட்சர்லாந்தையும் பார்த்துவிடுவோம். பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்கலாமா என்று 1959இல் அங்கே சர்வஜன வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்கள் ஆண்கள் மட்டும். மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் மாட்டோம் என்றார்கள். பெண்கள் 1971 வரை காத்திருந்தார்கள். இடாப்பில் இல்லாதவர் இடாப்பில் சேரலாமா என்பதை இடாப்பில் இருப்பவர் தீர்க்கிறார். நம் 1948க்கும் அதற்கும் என்ன தூரம்? பிறகு 2009 நவம்பரில் மினாராக்களைத் தடைசெய்ய 57.5 வீதம் ஆம் என்றது. அப்போது அந்த நாடு முழுவதும் இருந்த மினாராக்கள் நான்கு.

நான்கு மினாரா தொலைவில் இருக்கிறது, நம் ஜனாஸாக்கள் தொலைவில் இல்லை. 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை எரித்தார்கள். அது ஒரு வர்த்தமானியால் வந்தது, இன்னொரு வர்த்தமானியால் போனது. இடையில் உள்ளூரிலும் வெளியிலும் எழுந்த நியாயங்களுக்கு யாரோ காது கொடுக்க வேண்டியிருந்தது. அதை அந்த நாட்களில் வாக்குக்கு விட்டிருந்தால்? நூற்றுக்குப் பத்துப் பேர் நாம். எரி என்று வந்திருந்தால் அது 'மக்கள் தீர்ப்பு', அப்பீல் கிடையாது. கைதட்டிய கூட்டத்தில் நம்மவர் நாலைந்து பேர் இருந்தோம், அப்போது எங்களுக்கு இது ஞாபகம் வரவில்லை.

நடக்காத வாக்கெடுப்பு ஒன்றும் நமக்கு உண்டு. 1987 ஜூலை 29ஆம் திகதி இலங்கை - இந்திய ஒப்பந்தம், வடக்கோடு இணைந்திருப்பதா என்று கிழக்கு மாகாணம் 1988 முடிவதற்குள் வாக்களிக்கும் என்றது. சாதாரண பெரும்பான்மை போதும் என்றது. மேற்பார்வைக் குழுவில் ஒருவரைக் கிழக்கின் 'தமிழ் பேசும் மக்களின்' பிரதிநிதிகள் முன்மொழிவார்களாம். அந்தத் தொடருக்குள் நாம் இருக்கிறோமா, இல்லையா? எண்ணும்போது இருப்போம், முன்மொழியும்போது யார் நினைப்பார்கள் என்பது சந்தேகம். தேதி வருடா வருடம் தள்ளிப்போய், 2006இல் உயர் நீதிமன்றம் இணைப்பே செல்லாது என்றதோடு அந்த ஏற்பாடு அடங்கியது. கிழக்கின் மூன்று சமூகங்களில் எதுவும் தனியாகப் பாதியைத் தாண்டாத இடத்தில், ஆம் - இல்லை என்ற ஒற்றைக் கேள்வி இருவரைச் சேர்த்து மூன்றாமவரைத் தோற்கடிக்க மட்டுமே உதவும். அந்த வாக்கெடுப்பு நடக்காததற்காக அழுபவனும் அல்ல நான். ஒருவரையும் கேட்காமல் இணைத்ததை நியாயப்படுத்துகிறவனும் அல்ல.

அப்படியென்றால் வாக்கே வேண்டாமா என்று நண்பர் மடக்குவார். எண்ணுவதற்கும் பல வழி இருக்கிறது, அதற்கு இதே மாவட்டத்தில் உதாரணம் உண்டு. 1977இல் நுவரெலியா - மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதி. வாக்காளருக்கு மூன்று வாக்கு, மூன்றையும் ஒருவருக்கே போடலாம். காமினி திசாநாயக்க, அனுர பண்டாரநாயக்க, மூன்றாவதாகத் தொண்டமான் என்று மூவரும் போனார்கள். முப்பது வருடத்துக்குப் பிறகு மலையகத் தமிழர் ஒருவர் தேர்தலில் வென்று உள்ளே நுழைந்தது அந்தக் கதவால். ஒற்றைக் கேள்விச் சீட்டில் மூன்றாவது ஆளுக்கு இடமே கிடையாது.

என் சொந்த ஊர்க்கதை ஒன்றையும் சொல்லாமல் போனால் நேர்மையாகாது. சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்துப் பள்ளிவாசல் ஒன்றின் பொதுக்கூட்டத்தில் ஒரு பிரேரணை வந்தது. சந்தா ஒரு வருடம் பாக்கி உள்ளவர்களுக்கு நிர்வாகசபைத் தெரிவில் வாக்கில்லை. கை உயர்த்தச் சொன்னார்கள். நானும் உயர்த்தினேன், கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டாமா என்ற எண்ணத்தில். பெரும்பான்மையால் நிறைவேறியது. பட்டியலில் இருந்து போனவர்கள் ஏழு பேர். இரண்டு பேர் ஓட்டோ ஓடுகிறவர்கள், ஒருவர் சந்தையில் மூட்டை தூக்குகிறவர், மற்றவர்களும் நாட்கூலிகள். அந்தப் பிரேரணையை மாற்ற வேண்டுமென்றால் பொதுக்கூட்டத்தில் வாக்கெடுக்க வேண்டும், அந்த ஏழு பேருக்கும் அதில் வாக்கில்லை. அடுத்த கூட்டம் நோன்புப் பெருநாள் கழிந்து. மாற்றுப் பிரேரணையை எழுதி வைத்திருக்கிறேன், வழிமொழிய இன்னும் ஒருவர் வேண்டும்.