சுதீர் பட்வர்தனின் மும்பை: பார்ப்பவர் நிற்கும் இடம்

இந்தியப் பெருநகரத்தை உருவ ஓவியத்தில் அரை நூற்றாண்டாக விடாமல் வரைந்துவருபவர் சுதீர் பட்வர்தன். 1949இல் புனேயில் பிறந்தார். அங்குள்ள ராணுவ மருத்துவக் கல்லூரியில் 1972இல் பட்டம் பெற்றவர். ஓவியக் கல்லூரி எதிலும் படித்ததில்லை. அடுத்த ஆண்டு மும்பைக்குக் குடிபெயர்ந்து, 1975 முதல் 2005 வரை தாணேயில் ரேடியாலஜிஸ்டாகத் தொழில் பார்த்துக்கொண்டே வரைந்தார். அவருடைய வாழ்நாள் பணியை ஒருசேரக் காட்டிய பின்னோக்குக் கண்காட்சி ‘வாக்கிங் த்ரூ சோல் சிட்டி’. நான்சி அடஜானியா தொகுத்தமைத்த அது, 2019 நவம்பர் இறுதி முதல் 2020 பிப்ரவரி வரை மும்பையின் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் நடந்தது.

அந்தக் கூடம் 1911இல் கட்டப்பட்ட கவாஸ்ஜி ஜஹாங்கீர் மண்டபம். அரசியல் கூட்டங்களுக்கும் கச்சேரிகளுக்கும் பேர்போனது. 1996இல் கலைக்கூடமாக மாறியது. இந்தக் கண்காட்சிக்குச் சில மாதங்கள் முன்பு, 2019 பிப்ரவரியில், ஓவியர் பிரபாகர் பர்வேயின் கண்காட்சித் தொடக்க விழாவில் நடிகர் அமோல் பாலேகர் கலைக்கூடத்தின் ஆலோசனைக் குழுக்கள் கலைக்கப்பட்டதைப் பற்றிப் பேசினார். பேச்சின் நடுவே அவரைத் தடுத்ததும் இங்கேதான். நகரின் ஓவியர்களுக்கு இந்தக் கட்டடத்தின் மீதுள்ள உரிமை எவ்வளவு என்ற கேள்வி அப்போது ஊரெல்லாம் பேசப்பட்டது.

பட்வர்தன் வரையத் தொடங்கிய எழுபதுகளில் பம்பாயின் கலையுலகில் அரூப ஓவியத்துக்கே மதிப்பு அதிகம். உருவத்தை நம்பியவர்கள் சிலர்தான். பரோடாவில் கணக்காளராக வேலை பார்த்த பூபேன் கக்கர் 1972இல் ‘ஜனதா வாட்ச் ரிப்பேரிங்’ வரைந்து, கடைத்தெருவின் சிறு தொழிலாளியைக் கித்தானுக்குக் கொண்டுவந்திருந்தார். பம்பாயில் இன்னொரு மருத்துவர், கவிஞரும் நாடகாசிரியருமான கீவ் படேல் (1940–2023), ரயில் நிலையங்களையும் தெருக்களையும் வரைந்துகொண்டிருந்தார். கைவண்டியருகே வேலை ஓய்ந்து நிற்கும் இருவரை அவர் 1979இல் வரைந்த படம் இந்த வகையின் சிறந்த சாதனைகளில் ஒன்று. 1981இல் கக்கர், குலாம் முகம்மது ஷேக், விவான் சுந்தரம், ஜோகேன் சௌத்ரி, நளினி மாலனி, பட்வர்தன் ஆகிய அறுவரும் சேர்ந்து ‘பிளேஸ் ஃபார் பீப்பிள்’ என்ற கண்காட்சியைப் பம்பாயிலும் டெல்லியிலும் நடத்தினர். மனித உருவத்தின் பக்கம் நின்று கீதா கபூர் அதற்கு எழுதிய கட்டுரை இன்றும் இத்துறையில் தவிர்க்க முடியாதது. அறுவரில் தொழிலாளியை மையத்தில் வைத்தவர் பட்வர்தன் ஒருவர்தான் என்று சொல்லலாம்.

அவருடைய ஆரம்பப் படங்களில் நகரம் பெரிதாகத் தெரியாது, உடல்தான் தெரியும். ‘ஓடும் பெண்’, ‘இரானி ரெஸ்டாரண்ட்’ (இரண்டும் 1977) ஆகியவற்றில் உருவம் கித்தானை நிறைத்து நிற்கிறது. கனத்த தோள், முறுக்கிய கை, உழைத்துத் தடித்த விரல்கள். பால் செசானிடமிருந்து கன அளவையும், பெர்னாண்ட் லெஜேயிடமிருந்து தொழிலாளி உடலின் திண்மையையும் கற்றவர் அவர். மார்க்சியமும் அவரை அந்தப் பக்கம் தள்ளியது. எக்ஸ்ரே பார்க்கும் மருத்துவர் என்பதால் உடலை இப்படி வரைந்தார் என்று விமர்சகர்கள் அடிக்கடி எழுதுகிறார்கள். அது கொஞ்சம் எளிய விளக்கம். மருத்துவமனை அவருக்குக் கொடுத்தது உடற்கூறு அறிவைவிட ஓர் உறவு: பரிசோதிப்பவர் ஒரு பக்கம், தன்னை ஒப்படைத்துவிட்டவர் மறுபக்கம். அக்கறையும் மேலாதிக்கமும் பிரிக்க முடியாமல் கலந்த அந்த உறவை, ஒரு நடுத்தர வர்க்க ஓவியர் தொழிலாளியை வரையும்போது என்ன செய்வது? எந்த இடத்தில் நின்று பார்ப்பது? பின்வந்த படங்கள் எல்லாமே இந்தக் கேள்விக்கு வெவ்வேறு இடங்களில் நின்று தேடிய பதில்கள்.

முதல் பதில், கூட்டத்துக்குள் நுழைவது. தாணேக்கும் பம்பாய்க்கும் இடையே ஓடும் லோக்கல் ரயில் அதற்கு வழிவிட்டது. ‘ரயில்’ (1980) பெட்டிக்குள்ளிருந்து பார்க்கிறது. ‘மேம்பாலம்’ (1981) நடைபாலத்தில் எதிரே வருபவர்களைச் சந்திக்கிறது. அதே ஆண்டின் ‘மே தினத்தில் ஒரு விபத்து’ தொழிலாளர் திருநாளைத் தண்டவாளச் சாவோடு முடிச்சுப்போடுகிறது. தலைப்பில் மட்டும் அரசியல் சற்று உரக்கக் கேட்கிறது.

1982 ஜனவரி 18இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சுமார் இரண்டரை லட்சம் பேர். தலைமை தாங்கிய தத்தா சாமந்தும் தொழிலால் மருத்துவரே. போராட்டம் முறையாக முடிவுக்கு வராமலேயே கரைந்தது. பல ஆலைகள் மீண்டும் திறக்கவில்லை. பட்வர்தனின் கித்தானில் உருவங்கள் சிறுக்கத் தொடங்கியதும், நகர நிலம் விரிந்ததும் இந்த ஆண்டுகளில்தான். ‘நகரம்’ (1984), ‘நாலா’ (1985), ‘போக்ரண்’ (1990) ஆகியவை தாணே, உல்ஹாஸ்நகர் போன்ற புறநகர்களின் அகலக் காட்சிகள். குன்றை வெட்டி எழுந்த வீடுகளும் சாக்கடையோரக் குடியிருப்புகளும் இந்திய ஓவியத்தில் இத்தனை விவரத்தோடு முன்பு வந்ததில்லை.

இவற்றின் கட்டுமானம் கவனிக்கத்தக்கது. ஒரே புள்ளியில் நின்று பார்த்த காட்சியல்ல அது. இடத்துக்கே போய், பல மூலைகளிலிருந்து கோட்டோவியங்கள் எடுத்து, பிறகு பட்டறையில் அவற்றை ஒரே கித்தானில் இணைக்கிறார். ‘லோயர் பரேல்’ (2001) இம்முறையின் உச்சம். மில் கூரை, புகைபோக்கி, ரயில் பாதை, தொழிலாளர்களின் ‘சால்’ குடியிருப்புகள், அவற்றின் முதுகில் ஏறி எழும் அடுக்குமாடிகள் எல்லாம் ஒரே நிலப்பரப்பில் நெருக்கியடிக்கின்றன. கண் ஒரு தெருவைப் பிடித்துக்கொண்டு நடந்தால், அடுத்த திருப்பத்தில் தரையின் சாய்வே மாறிவிடுகிறது. மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று தெருமட்டத்துக்கு வந்துவிடுகிறார். ஆலை நிலம் மாலாகவும் அலுவலகமாகவும் மாறிக்கொண்டிருந்த சமயம் அது. அழிவதும் எழுவதும் அருகருகே நிற்கும் அந்த ஊரை ஒற்றைக் கோணத்தில் அடக்கியிருந்தால் படம் பொய்யாகியிருக்கும்.

இடையே பம்பாயில் 1992–93 மதக் கலவரம் வந்தது. ‘கலவரம்’ (1996), ‘ஷக்’ (1998) ஆகிய படங்களில், ஒருகாலத்தில் தோழமையாகத் தெரிந்த கூட்டமே அச்சத்துக்கும் சந்தேகத்துக்கும் காரணமாகிறது. எண்பதுகளின் பெரிய நிலக்காட்சிகள் தந்த நிறைவு இவற்றில் இல்லை. ஆனால் தொழிலாளி வர்க்கம் என்று ஒரே சொல்லில் அழைத்துவந்த மக்களை மதத்தால் பிளந்து பார்க்க நேர்ந்த ஓவியரின் தடுமாற்றம் இவற்றில் நேர்மையாகப் பதிவாகியுள்ளது. அதன்பின் வந்த படங்களில் வீட்டு அறைகள், ஜன்னல், குடும்பத்தார், முதுமை ஆகியவை கூடின. பார்ப்பவர் இப்போது தன்னையும் படத்துக்குள் நிறுத்திக்கொள்கிறார். ஏழு பலகைகளில் விரியும் ‘மும்பை ப்ராவெர்ப்ஸ்’ (2014) மறுபடி வெளியே வந்து நகரின் வரலாற்றைச் சொல்கிறது; தலைப்பு 1559இல் பீட்டர் ப்ரூகல் வரைந்த பழமொழிப் படத்துக்கு நன்றி சொல்கிறது.

படங்களை யார் பார்க்கிறார்கள் என்பதும் இதே கேள்வியின் இன்னொரு பக்கம். அவருடைய ஓவியங்கள் தேசிய நவீனக் கலைக்கூடத்திலும், போபால் பாரத் பவனிலும், அமெரிக்காவின் சேலம் நகரத்துப் பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. வரையப்பட்டவர்கள் அங்கெல்லாம் போவது அரிது. அஞ்சலி மோண்டேரோவும் கே.பி. ஜெயசங்கரும் எடுத்த ‘சாச்சா’ (2001) ஆவணப்படம், ஆலைத்தொழிலாளர் கவிஞர் நாராயண் சுர்வேயையும் பட்வர்தனையும் அருகருகே வைத்து இந்த இடைவெளியைக் காட்டியது. பட்வர்தன் 2008–09இல் ‘விஸ்தாரணாரி க்ஷிதிஜே’ என்ற பெயரில் நவீன இந்திய ஓவியங்களைத் திரட்டி மகாராஷ்டிரத்தின் ஊர்களுக்கு எடுத்துச் சென்றார். அதில் முன்னிறுத்தப்பட்டவை பெரும்பாலும் பிற ஓவியர்களின் படங்களே.