துணை என்னும் சொல்லுக்குள் அடங்காத நடிப்பு

திரைப்படத் திறனாய்வு பெரும்பாலும் தலைமைப் பாத்திரங்களைச் சுற்றியே நிகழ்கிறது. ஏனையோரைத் 'துணை நடிகர்' என்னும் ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுகிறோம். அச்சொல் நடிப்பின் தரத்தைக் குறிக்கிறதா, விளம்பரப் பலகையில் பெயர் இடம்பெறும் வரிசையைக் குறிக்கிறதா? அமெரிக்க நடிகை அக்னஸ் மூர்ஹெட்டின் (1900–1974) கலைவாழ்வு இவ்வினாவுக்குத் தக்க உரைகல்லாகும்.

மூர்ஹெட் வானொலியில் பயின்றவர். 1930களில் ஆர்சன் வெல்ஸுடன் ஒலிவாங்கியின் முன் நின்றவர். அங்கே முகமும் ஒப்பனையும் உதவா. பாத்திரத்தின் வயது, குலம், அச்சம், ஆசை அனைத்தையும் குரல் ஒன்றே சுமந்தாக வேண்டும். இப்பயிற்சியின் பயனை வெல்ஸ் இயக்கிய 'சிட்டிசன் கேன்' (1941) படத்தில் காண்கிறோம். பெற்ற மகனைப் பிறர் பொறுப்பில் ஒப்படைக்கும் தாயாகச் சில நிமிடங்களே அவர் தோன்றுகிறார். சன்னலைத் திறந்து, பனியில் விளையாடும் சிறுவனை அழைக்கிறார். கண்ணீர் இல்லை, கதறல் இல்லை. ஆயினும் அந்த அழைப்பிலேயே பிரிவின் பாரம் முழுவதும் இறங்கிவிடுகிறது.

மறு ஆண்டு வெளிவந்த 'த மக்னிஃபிசன்ட் ஆம்பர்சன்ஸ்' படத்தில் அவர் ஃபேனி அத்தை. தாம் விரும்பியவர் வேறொருத்தியை நாடுவதைக் கண்டபடியே, மணமின்றி முதிரும் பெண். நாற்பது நிமிடங்களுக்கும் மேற்பட்ட காட்சிகளைப் பட நிறுவனம் வெட்டியெறிந்தபோது, ஃபேனி இடம்பெற்ற இறுதிக்காட்சியும் மறைந்தது. எஞ்சியதைக் கண்டே நியூயார்க் திரைப்பட விமர்சகர்கள் அவரை 1942ஆம் ஆண்டின் சிறந்த நடிகையெனத் தேர்ந்தனர். ஆஸ்கார் குழுவோ அதே நடிப்பைத் துணை நடிகையர் வரிசையில் பரிந்துரைத்தது, விருதும் தரவில்லை. ஒரே நடிப்பு, இரண்டு தராசுகள்! பின்னும் மூன்று முறை பரிந்துரை வந்தது, விருது வரவேயில்லை.

1943 மே 25இல் 'சஸ்பென்ஸ்' வானொலித் தொடரில் லூசில் ஃபிளெச்சர் எழுதிய 'சாரி, ராங் நம்பர்' ஒலிபரப்பானது. படுக்கையில் கிடக்கும் நோயாளிப் பெண் ஒருத்தி, தொலைபேசி இணைப்பு மாறியதால் ஒரு கொலைத் திட்டத்தைக் கேட்டுவிடுகிறாள். எவரும் அவளை நம்பவில்லை. கொலையுண்ணப் போவது தானே என அவள் உணரும்வரை, எரிச்சல் கலக்கமாகி, கலக்கம் பீதியாவதைப் படிப்படியாகக் குரலிலேயே ஏற்றிக் காட்டினார் மூர்ஹெட். நேயர்களின் வரவேற்பால் பலமுறை அதை மீண்டும் நடித்தார். ஆனால் 1948இல் அந்நாடகம் படமானபோது வேடம் பார்பரா ஸ்டான்விக்குக்குச் சென்றது. ஸ்டான்விக் சிறந்த நடிகை என்பதில் ஐயமில்லை. எனினும், பாத்திரத்துக்கு உயிரூட்டியவரைவிட நட்சத்திரப் பெயரே தொழிலுக்குத் தேவைப்பட்டது என்பதை மறைக்க இயலாது.

குரல்தான் அவர் வலிமையெனில், குரலைப் பறித்துவிட்டால் என்ன எஞ்சும்? இதற்கும் விடை உண்டு. 1961இல் 'ட்வைலைட் ஸோன்' தொலைக்காட்சித் தொடரின் 'த இன்வேடர்ஸ்' பகுதியில், தனித்த குடிசையில் சின்னஞ்சிறு அந்நியர்களோடு போராடும் கிராமத்துப் பெண்ணாக, ஒரு சொல்லும் பேசாமல் நடித்தார். மூச்சும் முனகலும் உடலசைவும் மட்டுமே கதையைத் தாங்கின.

குறைகளும் உண்டு. வானொலியில் பொருந்திய உச்சநிலை உணர்ச்சி, திரையில் சில வேளைகளில் மிகையாகிறது. 1964இல் வந்த 'ஹஷ்... ஹஷ், ஸ்வீட் ஷார்லட்' படத்தின் பணிப்பெண் வேடத்தில் அம்மிகையைக் காணலாம். அவ்வாண்டு தொடங்கி 1972வரை ஓடிய 'பிவிட்ச்ட்' தொடரின் சூனியக்கார மாமியாராகவே பொதுமக்கள் அவரை நினைவில் வைத்தனர்.

திறனாய்வாளருக்கு அந்த நினைவு போதாது. முகமின்றிக் குரலாலும், சொல்லின்றி உடலாலும் ஒரு நாடகத்தைத் தனித்தே தாங்கியவரை எந்தத் தராசில் நிறுப்பது என்பதை நாம்தாம் முடிவு செய்ய வேண்டும். பாத்திரத்தின் நீளத்தை அளப்பது எளிது. அதன் ஆழத்தை அளப்பதே நம் கடமை.