நாட்டாரில் பெண் உண்டா?

கூட்டாட்சி பற்றித் தமிழில் விவாதம் எழும்போதெல்லாம் சுவிட்சர்லாந்து ஒருமுறையாவது வந்துவிடும். மாநில சுயாட்சி கேட்பவர்களும், ஈழச் சிக்கலுக்குத் தீர்வு தேடியவர்களும் அந்தச் சிறிய நாட்டைச் சுட்டிக் காட்டியிருக்கிறார்கள். நான்கு தேசிய மொழிகள், 26 கன்டோன்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கம்யூன்கள். கன்டோனை மாநிலம் என்றும், கம்யூனை ஊராட்சி அல்லது நகராட்சி என்றும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் நம் மாநிலங்களுக்கு இல்லாத பலம் கன்டோனுக்கு உண்டு. தனக்கென்று ஓர் அரசமைப்புச் சட்டத்தையே அது வைத்திருக்கிறது. ராணுவம், வெளியுறவு, நாணயம் ஆகியவை பெர்னில் உள்ள கூட்டரசிடம். பள்ளி, காவல்துறை, மருத்துவமனை ஆகியவை பெரும்பாலும் கன்டோனிடம். ஒருவருக்குக் குடியுரிமை தருவதா என்ற முடிவில்கூட கம்யூனுக்குப் பங்கு உண்டு. அதிகாரம் மக்களுக்கு அருகில் இருக்கிறது என்கிறார்கள். அந்த மக்களில் பெண் எப்போது சேர்ந்தாள் என்று கேட்டால் வரைபடம் வேறு மாதிரித் தெரிகிறது.

பெட்ரா வோல்பே இயக்கி 2017இல் வெளிவந்த 'தி டிவைன் ஆர்டர்' படத்தை இந்தக் கேள்வியோடு பார்க்கலாம். ஆண்டு 1971, இடம் அப்பென்செல் மலைக் கிராமம். இரண்டு பையன்களுக்குத் தாயான நோரா வேலைக்குப் போக விரும்புகிறாள். கணவன் சம்மதிக்க வேண்டும் என்கிறது சட்டம். பெண்களுக்கு வாக்குரிமை தருவது குறித்து ஆண்கள் வாக்களிக்கப்போகும் நேரம் அது. நோரா வாய் திறக்கிறாள். ஊர்ப் பெண்கள் வீட்டு வேலையை நிறுத்திவிட்டு வெளியேறுகிறார்கள். பிப்ரவரி 7 அன்று வெற்றி கிடைக்கிறது. சமையலறையையும் படுக்கையறையையும் வாக்குச்சாவடியோடு சேர்த்துப் பேசும் நல்ல படம். மாணவிகளுக்கு நான் பரிந்துரைக்கும் படமும்கூட. அதில் எனக்குள்ள குறை, கதை முடியும் இடம்.

அன்று வாக்களித்த ஆண்களில் 65.7 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். ஆனால் அது கூட்டரசுத் தேர்தல்களுக்கும் வாக்கெடுப்புகளுக்கும் மட்டுமான உரிமை. கன்டோனிலும் கம்யூனிலும் யார் வாக்களிப்பது என்பதை அந்தந்தக் கன்டோனின் சட்டமே முடிவுசெய்யும் என்று அதே திருத்தத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அப்பென்செல் 1597இலேயே மதத்தின் பேரால் இரண்டாகப் பிரிந்த நிலம். அவுசர்ரோடன், இன்னர்ரோடன் என்ற அந்த இரண்டு பாதிகளிலும் 1971இல் பெரும்பான்மை ஆண்கள் வேண்டாம் என்றே வாக்களித்தார்கள். அவுசர்ரோடன் 1989 வரை தன் கன்டோன் வாக்குரிமையைப் பெண்களுக்குத் தரவில்லை. இன்னர்ரோடன் 1973, 1982, 1990 என மூன்று முறை மறுத்தது.

அங்கே கன்டோனின் முடிவுகளை ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறன்று, திறந்த சதுக்கத்தில் கூடிக் கையுயர்த்தி எடுப்பார்கள். ஆணுக்கு வாக்காளர் அட்டை அவன் இடுப்பில் தொங்கும் வாள். பல வீடுகளில் அது தந்தையிடமிருந்து மகனுக்கு வருவது. மகளுக்கு எது வந்தது என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

நோராவை அடுத்த 18 ஆண்டுகளுக்கு நடத்திப் பாருங்கள். நாட்டின் ராணுவத்தையும் வெளியுறவையும் பற்றி அவள் வாக்களிக்கலாம். அவள் பிள்ளை பெறும் மருத்துவமனை பற்றியும், பிள்ளை படிக்கும் பள்ளிக்கான சட்டம் பற்றியும், புகார் கொண்டுபோகும் காவல்துறை பற்றியும் கன்டோன் கூடி முடிவெடுக்கும்போது அவள் பார்வையாளர். தூரத்து அதிகாரத்தில் பங்கு கிடைத்தது. வாசற்படி அதிகாரம் பூட்டிக் கிடந்தது. பெண்ணின் அன்றாடத்தைத் தொடும் துறைகள் எந்த அடுக்கில் குவிந்திருந்தனவோ அந்த அடுக்கில்தான் அவளுக்குக் குரல் இல்லை. அந்தப் பூட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் கன்டோனின் உரிமை.

இதனால் மைய அரசு பெண்ணுக்கு நண்பன் என்று ஆகிவிடாது. மனைவி வேலைக்குப் போகக் கணவன் சம்மதம் வேண்டும் என்றது கன்டோன் சட்டம் அன்று. நாடு முழுவதற்குமான கூட்டரசின் குடிமைச் சட்டம். அது 1988இல்தான் மாறியது. மறுபக்கம், வலே கன்டோனில் உன்டர்பேக் என்ற மலையூர் 1957இலேயே துணிந்து பெண்களை வாக்களிக்க விட்டது. அவர்கள் வாக்குகள் எண்ணிக்கையில் சேரவில்லை. 1959இல் நாடு முழுவதும் ஆண்கள் மூன்றில் இரண்டு பங்காக வேண்டாம் என்ற அதே நாளில், வோ கன்டோனின் ஆண்கள் தங்கள் கன்டோனில் பெண்களுக்கு வாக்குரிமை தந்தார்கள். சிறிய அலகு முந்தவும் செய்யும், முடக்கவும் செய்யும். எது நடக்கும் என்பது அந்த அலகுக்குள் ஏற்கெனவே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இன்னர்ரோடனின் பூட்டைத் திறந்தது ஒரு சொல். தெரேசா ரோனர் என்ற பெண் தொடுத்த வழக்கில், 1990 நவம்பரில் கூட்டரசு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கன்டோன் அரசமைப்பில் வாக்குரிமை உடையோரைக் குறிக்கும் 'லான்ட்லொய்ட' என்ற சொல் பெண்களையும் உள்ளடக்கும் என்று வாசித்தது. 1981இல் அரசமைப்பில் சேர்ந்த சமத்துவப் பிரிவு அந்த வாசிப்புக்குத் துணை நின்றது. லான்ட் என்றால் நாடு. லொய்ட என்றால் மக்கள். தமிழில் அப்படியே 'நாட்டார்'.

இலக்கணம் கற்பிக்கும் எனக்கு இந்தத் தீர்ப்பு வேறொரு கதவையும் திறக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் ஊரார், சபையார், நாட்டார், நகரத்தார் என்று உள்ளாட்சி அமைப்புகள் வரிசையாக வருகின்றன. எல்லாம் பலர்பால். பலர்பால் ஆணையும் பெண்ணையும் பிரிப்பதில்லை என்று வகுப்பில் சொல்கிறோம். ஆனால் நாம் பெருமையோடு காட்டும் உத்திரமேரூர்க் குடவோலைக்கு வேட்பாளராக வேண்டுமானால் வரி கட்டும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதப் பயிற்சி வேண்டும். எந்தப் பெண்ணும் எந்த உழவுக்கூலியும் அந்தப் பானைக்குள் ஓலையாக விழுந்திருக்க முடியாது. இன்றும் 'ஊர் கூடி முடிவெடுத்தது' என்றால் திண்ணையில் எத்தனை பெண்கள் இருந்தார்கள், சேரியிலிருந்து யார் வந்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. பலர்பாலுக்குள் ஆண்பால் வசதியாக ஒளிந்துகொள்கிறது.

டெல்லியிடமிருந்து அதிகாரம் மாநிலத்துக்கு வர வேண்டும் என்று கேட்பவர்களில் நானும் ஒருத்தி. அந்தக் கோரிக்கை சென்னையோடு நின்றுவிடக் கூடாது. அது ஊராட்சி வரை இறங்க வேண்டும். இறங்கும் ஒவ்வொரு படியிலும் எந்த அலகும் மீற முடியாத ஓர் அடித்தளமும் கூடவே வர வேண்டும். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கிய 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அப்படியொரு அடித்தளம். அது போதவில்லை என்பதைத் தலைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் கணவர் போட்டுக்கொள்ளும் நாற்காலி காட்டுகிறது. அந்த நாற்காலியைப் பற்றிப் பேசினால் மாநில உரிமைப் போராட்டம் பலவீனப்படும் என்று நம் தோழர்கள் சிலர் சொல்வார்கள். கன்டோன் உரிமை என்ற பெயரில் அப்பென்செல் ஆண்களும் தங்கள் வாளை அப்படித்தான் காத்துக்கொண்டார்கள்.