இலையில்லாத காட்டின் பூக்கள்

அடிவாரக் காட்டைப் பார்க்க மழைக்காலத்தில் போகிறவர்களே அதிகம். பச்சையைப் பார்த்துவிட்டு, காடு செழிப்பாக இருக்கிறது என்று சொல்லித் திரும்புகிறார்கள். செழிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பச்சைக்குள் ஒரு மரம் இன்னொன்றை மறைத்துவிடுகிறது. மரத்தை மரமாகப் பார்க்க வேண்டுமென்றால் மாசி, பங்குனியில் போக வேண்டும். நீலகிரியின் வடக்கு அடிவாரத்தில், தெப்பக்காட்டிலிருந்து மசினகுடி வழியாகச் சீகூர் பக்கம் போகும் சாலை இதற்குத் தோதானது. மேற்கே மழை கூடுதல். கிழக்கே போகப் போகக் குறைந்து, கருமருதும் வெக்காளியும் நின்ற இடத்தில் முள்மரங்கள் வந்துவிடும். அந்தப் பருவத்தில் புல் காய்ந்து, இலை உதிர்ந்து, கிளைகளின் கணக்கு வெளியே தெரியும்.

முதலில் கண்ணில் படுவது இலவம். அடுக்கடுக்காகப் படுக்கைவாட்டில் நீளும் கிளைகளில் ஓர் இலைகூட இருக்காது. தடித்த ஐந்து சிவப்பு இதழ்கள், நடுவே கற்றையாய் மகரந்தத் தாள்கள், அடியில் நிறையத் தேன். மைனா, தேன்சிட்டு, கரிச்சான், கொண்டைக்குருவி, காகம் எல்லாம் ஒரே மரத்தில் சண்டை போடும். பூ இதழிதழாக உதிராது. முழுசாகப் பொத்தென்று விழும். மந்திகள் கடித்துப் போடுவதற்காகக் கீழே புள்ளிமான்கள் காத்து நிற்பதும் உண்டு. இலவம்பூவை நீல வானத்தை முதுகில் வைத்து, காலை ஒன்பது மணிக்குள் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. உச்சி வெயிலில் அந்தச் சிவப்பு வெளுத்துப்போகிறது.

வெயில் ஏறும் நேரத்தில், மண்ணில் ஈரமே இல்லாதபோது இவ்வளவு பூ எப்படி? இலவம் போன்ற மென்கட்டை மரங்கள் அடிமரத்திலேயே நீரைச் சேர்த்து வைக்கின்றன. இலையை உதிர்த்துவிட்டால் நீர் ஆவியாகும் வழியும் அடைபடுகிறது. இலை மறைக்காததால் பறவைக்குப் பூ தூரத்திலிருந்தே தெரியும். இப்போது பூத்தால்தான் காய் முற்றி, மழை தொடங்கும்போது விதை தயாராக இருக்கும். அலங்காரமாகத் தெரிவதெல்லாம் மரத்துக்கு வரவு செலவுதான்.

புரசு வேறு ரகம். முண்டும் முடிச்சுமான, கோணலான மரம். பூக்காத நாளில் யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். அதன் இலையில் சோறு தின்றவர்களுக்குக்கூட மரத்தை அடையாளம் தெரியாது. பங்குனியில் கரும்பட்டு போன்ற புல்லிவட்டத்திலிருந்து கிளிமூக்காய் வளைந்த செம்மஞ்சள் பூக்கள் கிளை முழுக்க வெடிக்கும். இதற்கு வானம் வேண்டாம், காய்ந்த புல்வெளி பின்னணியாக இருந்தால் போதும். கோங்கு இருப்பதோ வறண்ட பாறைச் சரிவில். தொலைவிலிருந்து பார்க்கிறவருக்கு அதன் பூவின் மஞ்சளே போதும், கிட்டப் போக வேண்டியதில்லை.

சமவெளிப் பக்கம் இறங்கினால் இலுப்பை. ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று பழமொழியில் அதை மட்டம் தட்டிவிட்டோம். விடியற்காலையில் மரத்தடியில் கிடக்கும் அந்தச் சதைப்பற்றுள்ள பூவை எடுத்து வாயில் போட்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். கரடிக்கு அது தெரியும். இலுப்பையின் செம்புநிறத் தளிரும் பூவுக்குக் குறைந்ததல்ல.

சித்திரை பிறந்தால் சரக்கொன்றை. இதைச் சாலையிலிருந்து பார்ப்பது பாதிப் பார்வை. மரத்தடிக்குப் போய், வெயில் பின்னாலிருந்து வரும்படி நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். மஞ்சள் சரங்களுக்கு இடையே போன ஆண்டின் கரிய நெடுங்காய்கள் இன்னும் தொங்கும். பூவில் பத்து மகரந்தத் தாள்கள். மூன்று மட்டும் நீண்டு வளைந்து, மற்றவை குட்டையாக இருக்கும். தேன் கிடையாது. கரிய தச்சன் வண்டு வந்து குட்டைத் தாள்களைப் பற்றி உடலை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்த்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் நெடுந்தாள்களின் மகரந்தம் அதன் உடம்பில் ஒட்டி அடுத்த மரத்துக்குப் போகிறது. ஒன்று கூலி, மற்றது சரக்கு. அந்த ரீங்காரத்தைக் கேட்காமல் கொன்றையைப் பார்த்தேன் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முதுமலைப் பக்கம் இன்னொரு மஞ்சளும் உண்டு. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து, காட்டைப் பிடித்துக்கொண்டு, இப்போது வனத்துறை வெட்டி அகற்றிக்கொண்டிருக்கும் மஞ்சள்கொன்றை. கொத்து மேல்நோக்கி நின்றால் அது வந்தேறி. சரமாய்த் தொங்கினால் நம் கொன்றை. படம் எடுப்பவர்கள் இரண்டுக்கும் ஒரே பெயர் போட்டுவிடுகிறார்கள்.

நம் அடிவாரத்தில் வேனில் மேலே, மரத்தில்தான் நடக்கிறது. தரைப்பூக்கள் மழையைப் பார்த்து வருபவை. இந்தப் பருவக் கணக்கைப் பார்க்காமல் குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களைச் சொல்கிறார். மழைக்காலக் காந்தளும் வேனிற்காலக் கோங்கமும் ஒரே குவியலில். எந்த ஒரு நாளும் இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்பது மலையறிந்த கபிலருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆண்டு முழுவதையும் ஒரு பாறைமேல் கொட்டிக் காட்ட ஆசைப்பட்டிருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

மழை பெய்ததும் தலைகாட்டும் தரைப்பூக்களில் எனக்குப் பிடித்தது நிலப்பனை. பனங்கன்று போன்ற இலைகளின் அடியில், மண்ணை ஒட்டி, ஆறிதழ் மஞ்சள் நட்சத்திரம். குந்தி உட்கார்ந்தால்தான் தெரியும். அதன் சூலகம் மண்ணுக்குள் இருப்பதால் காய் காய்ப்பதும் அங்கேதான். அதைப் பார்க்க மண்ணைக் கிளற வேண்டும். முதுமலைப் புலிகள் காப்பகத்திலோ வண்டியை விட்டு இறங்கவே அனுமதி இல்லை.