மாமல்லைப் பாறையும் கருப்பொருளும்

ஈப்போ, தைப்பிங், சித்தியவான் முதலிய ஊர்களிலிருந்து பள்ளி விடுமுறையில் தமிழகம் செல்லும் குடும்பங்களின் பயண நிரலில் மாமல்லபுரம் பெரும்பாலும் இடம்பெறுகிறது. காலையில் சென்னையிலிருந்து புறப்படுவோர் கடற்கரைக் கோயிலின்முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். ஐந்து இரதங்களைச் சுற்றி வருகின்றனர். மாக்கல்லில் செய்த பிள்ளையார் ஒன்றை விலைபேசி வாங்குகின்றனர். நண்பகல் உணவுக்குத் திரும்பிவிடுகின்றனர். இடையே பெரும்பாறைச் சிற்பத் தொகுதியின்முன் அவர்கள் நிற்பது வழிகாட்டி கதை சொல்லி முடிக்கும் அளவுக்கே. கதை முடிந்ததும் காட்சியும் முடிந்துவிடுகிறது. இக்குறை பயணிகளுடையது மட்டும் அன்று. செய்வித்த மன்னன் யார், காலம் எது, தவம் செய்பவன் யார் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை எழுதிவிட்டால் சிற்பத்தைக் கற்றதாகக் கொள்ளும் பாடமுறைக்கும் இதில் பங்குண்டு.

மூன்றாம் வினா அறிஞரையும் நெடுங்காலம் பற்றிக்கொண்டது. ஒற்றைக்காலில் நின்று, கைகளை உயர்த்தி, விலா எலும்பு தெரிய மெலிந்து நிற்பவன் பாசுபதம் வேண்டிய அருச்சுனன் என்பது ஒரு சாரார் கருத்து. இரு பாறைகளுக்கு நடுவே இயல்பாக அமைந்த பிளவையும், அதனுள் மேல்நோக்கி எழும் நாகர்களையும் சுட்டி, கங்கையைக் கொணர்ந்த பகீரதனே அவன் என்பார் மற்றொரு சாரார். 1914இல் விக்தோர் கோலூபெவ் இக்கருத்தை முன்வைத்தபின் வழக்கு வலுத்தது. பாறையின் உச்சியில் நீர் தேக்கியதற்கான அடையாளம் இருப்பது இரண்டாம் சாராருக்குத் துணை. வில்லேந்திய வேடர் இடம்பெறுவது முதற் சாராருக்குத் துணை. வழக்குத் தீராமற் போனதில் இழப்பில்லை. ஆனால், முப்பது மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமுடைய ஒரு பாறையில், ஒரு முழ அகலத்தில் நிற்கும் ஓர் உருவத்தின் பெயரைப் பற்றியே பேசிப் பேசி, எஞ்சிய பாறை முழுவதையும் பின்னணி என்று தள்ளிவிட்டதே இழப்பு.

தமிழாசிரியர்க்கு இவ்விடத்தில் தொல்காப்பியம் கைகொடுக்கும். முதல், கரு, உரி எனப் பாட்டின் பொருளைப் பகுத்த மரபு, விலங்கையும் பறவையையும் மரத்தையும் அந்நிலத்து மாந்தரின் தொழிலையும் தெய்வத்தையும் ஒரே வரிசையில் கருப்பொருளாக வைத்தது. சங்கப் பாடலில் வரும் மந்தியும் களிறும் காட்சிக்கு ஒட்டிய அணி அல்ல. அவற்றை நீக்கினால் தலைவியின் துயரும் உடன் நீங்கிவிடும். மாமல்லைச் சிற்பியின் கதை வடமொழிக் காவியத்தினது. ஆயினும் அவன் கையாண்ட முறை தமிழ் படித்தவர்க்குப் பழகிய முறை. சட்டம் இட்டுக் கதையைப் பிரிக்காமல், தேவரும் முனிவரும் வேடரும் சிங்கமும் மானும் ஒரே பாறையின் முகத்தில், ஒரே நேரத்தில், பிளவை நோக்கி வருமாறு அவன் செதுக்கியுள்ளான்.

கீழே நிற்கும் யானைகளை மட்டும் ஒரு நாழிகை பார்த்தல் தகும். ஏறத்தாழ உயிருள்ள யானையின் அளவினவாக அவை நிற்கின்றன. கால்களுக்கிடையே கன்றுகள் ஒண்டியுள்ளன. முன்செல்லும் களிற்றின் நடையில் அவசரம் இல்லை. யானையின் இயல்பை அறிந்த கை அது. மறுபுறம் ஒரு மான் பின்காற் குளம்பால் தன் மூக்கைச் சொறிகிறது. பேருலகம் திரண்டு வரம் வேண்டும் நேரத்தில் அதற்கு மூக்கரிப்பே பெரிதாகிவிட்டது! ஆற்றங்கரையில் ஒருவன் நனைந்த ஆடையைப் பிழிகிறான். இன்னொருவன் நீர்க்குடத்தைத் தோளில் சுமக்கிறான். யானையின் அருகே ஒரு பூனை, மேலே நிற்கும் முனிவனைப் போலவே முன்கால்களை உயர்த்தித் தவம் புரிய, எலிகள் அதனைச் சூழ்ந்துள்ளன. தவத்தைச் செதுக்கிய பாறையிலேயே பொய்த்தவத்தையும் செதுக்கத் துணிந்தவன் அச்சிற்பி. பக்தியைக் குலைக்கும் என்று அதனை எவரும் தடுக்கவில்லை என்பதும் எண்ணத்தக்கது. கடற்கரைக் கோயில் படத்துக்கு அழகு. கூர்ந்து பார்ப்பவர்க்கு இப்பாறை தருவது அதனினும் மிகுதி.

வேடரைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். இடப்புறக் காட்டில் விற்பிடித்து நிற்கும் அவர்கள் தேவர்களைவிடச் சிறியராகச் செதுக்கப்படவில்லை. இன்றும் அந்நிலத்தில் காடறிந்த மக்கள் உளர். இருளர் எனப்படும் அம்மக்கள் ஆண்டுதோறும் மாசி மகத்தன்று மாமல்லபுரக் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனை வழிபடுகின்றனர். பாம்பு பிடித்தலில் அவர்கள் வல்லவர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் விளைவாகத் தோல் வாணிகம் ஒடுங்கியபோது அவர்களின் பிழைப்பும் முடங்கியது. பின்னர் 1978இல் அவர்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பிடித்த பாம்பின் நஞ்சை எடுத்து, பாம்பை மீண்டும் காட்டில் விடும் முறை வந்தது. அந்நஞ்சிலிருந்தே பாம்புக்கடிக்கு மருந்து செய்யப்படுகிறது. சங்கம் இயங்கிவரும் இடம், மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர் நிறுவிய முதலைப் பண்ணை. பேராக் ஆற்றுமுகங்களில் வாழும் உவர்நீர் முதலையையும் அங்கே காணலாம். பிள்ளைகள் மகிழ்வதற்கென்று கடைசியில் சேர்க்கப்படும் அவ்விடத்தை முதலில் பார்த்துவிட்டுப் பாறைக்குச் செல்வோர்க்கு, பிளவினுள் எழும் நாகரும் காட்டில் நிற்கும் வேடரும் வேறாகத் தெரிவர்.

மாசி மகம் பேராக் தமிழர்க்குப் புதிதன்று. அந்நாளில் பங்கோர்த் தீவின் பத்திரகாளியம்மன் கோயிலுக்குப் படகேறிச் செல்வோர் பல்லாயிரவர். தோட்டத்து மக்கள் கடலை நாடிச் சென்ற நாள் அது. இருளர் கடலை நாடும் நாளும் அதுவே. எனினும் மாமல்லை பற்றிய பாடத்தையோ பயணக் கட்டுரையையோ படிக்கும் மாணவனுக்கு இவ்வுறவு புலப்படுவதில்லை. மன்னனின் பட்டப்பெயர்தான் அவன் நினைவில் நிற்கிறது. அம்மன்னன் உருவம் என்று ஐயமின்றிச் சுட்டத்தக்கது இத்தொகுதியில் எதுவும் இல்லை என்பதை யாரேனும் அவனுக்குச் சொன்னால் வியப்பான். பல்லவ அரசர் உருவங்கள் ஆதிவராக மண்டபத்தில் தனியே உள்ளன.

இதற்கு நேர் எதிரான அமைப்பைக் காண நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. ஈப்போவுக்குத் தெற்கே உள்ள ஊரின் பெயரே ‘பத்து காஜா’. மலாய் மொழியில் யானைக் கல் என்பது பொருள். அவ்வூரை அடுத்து, தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி சுமித் 1915 முதல் எழுப்பி, 1926இல் லிசுபனில் இறந்ததால் முடியாது நின்ற மாளிகை உள்ளது. சென்னை மாகாணத்திலிருந்து வந்த தொழிலாளர் அதைக் கட்டினர். நச்சுக்காய்ச்சல் பரவிப் பலர் மாண்டபோது எஞ்சியோர் மாரியம்மனுக்குக் கோயில் வேண்ட, முதலாளி இசைந்தார் என்பர். அக்கோயிலின் கூரைமேல் தெய்வ உருவங்களுக்கிடையே மேல்நாட்டு உடையணிந்த ஓர் உருவம் நிற்கிறது. அவரே அது எனப்படுகிறது. நன்றியறிதல் என்று அதனைப் போற்றுவோரும் அடிமைப் புத்தி என்று இகழ்வோரும் உண்டு. இரண்டும் அவசரத் தீர்ப்புகள். அச்சிலையைக் குறைகூறுவதைவிட, அதனருகே இல்லாதவரைத் தேடுவதே திறனாய்வாளனின் வேலை. செங்கல் சுமந்தவள் அங்கே இல்லை. காய்ச்சலில் மாண்டவன் இல்லை. பால்வாளியும் உளிக்கத்தியும் இல்லை. அந்நிலத்து மரமோ விலங்கோ இல்லை. முதலாளிக்கு இடம் தந்த கை தனக்கு இடம் செய்துகொள்ளவில்லை. மாமல்லையில் குடம் சுமப்பவனுக்குக் கிடைத்த இடம் பத்து காஜாவில் ஒரு தொழிலாளிக்கும் கிடைக்கவில்லை.

இரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்ட தோட்டங்களில், அத்தொழிலின் கருவிகளையே காணாத பிள்ளைகள் இன்று தமிழ்ப்பள்ளிக்கு வருகின்றனர். அவர்களிடம் இத்தோட்டத்தின் கருப்பொருள் யாவை என்று கேட்டு எழுதச் செய்யும் ஆசிரியர், மாமல்லைப் பாறையைப் பாடமாக்கிவிட்டார் என்றே கொள்ளலாம். மான் மூக்கைச் சொறிவதைக் கவனித்த கண், பாலெடுப்பவளின் முக்காட்டையும் கவனித்திருக்கும்.

பயணம் போகும் வாய்ப்புள்ளவர்க்கு இன்னொரு செய்தி. அதே ஊரில், தெற்கே சற்றுத் தள்ளி, இதே பொருளில் தொடங்கி முடிக்கப்படாமல் விடப்பட்ட இன்னொரு பாறை உண்டு. உருவங்கள் பாதி வெளிவந்தும் பாதி கல்லுக்குள்ளும் நிற்கின்றன. வழிகாட்டிகள் அங்கே அதிகம் நிறுத்துவதில்லை. சொல்லக் கதையில்லை போலும். உளி எங்கே தொடங்கியது, எங்கே ஓய்ந்தது என்பதை ஒரு மாணவன் யாரும் சொல்லாமல் தன் கண்ணாலேயே அங்குக் கண்டறியலாம்.